எந்த இலை வாடுகிறது? பினாங்குத் தண்ணீரில் நீர்ச்செடித் தொட்டிக்கு உரமிடும் முறை

"அக்கா, இலை மஞ்சளாயிருச்சு, என்ன உரம் ஊத்தணும்?" மங்கலான ஒரு படத்தோடு இந்தக் கேள்வி வாட்ஸாப்பில் எனக்கு அடிக்கடி வரும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: எந்த இலை? அடியில் இருக்கும் பழைய இலையா, நுனியில் விரியும் புது இலையா? பாதிப் பேருக்கு அதைப் பார்க்கவே தோன்றியிருக்காது. அதைப் பார்க்காமல் மீன் கடைக்குப் போனால், தவுக்கே, அதாவது கடை முதலாளி, எந்தப் புட்டியை எடுத்துக் கொடுக்கிறாரோ அதுதான் உரம்.

நான் ஜெலுத்தோங்கில் ஒரு மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு, கூடத்தில் இரண்டடித் தொட்டி. நீளம் 60, அகலம் 30, உயரம் 36 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 65 லிட்டர் வரும். மண்ணும் மரக்கட்டையும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் உண்மையில் நிற்கும் தண்ணீர் 50 லிட்டர்தான். இனி நான் சொல்லும் கிராம், மில்லி எல்லாம் இந்த 50 லிட்டருக்கு. உங்கள் தொட்டியில் எவ்வளவு நிற்கிறது என்று தெரியாவிட்டால், அடுத்த முறை வாளியால் நிரப்பும்போது எண்ணிக்கொள்ளுங்கள். தொட்டி வாங்கும்போது சொன்ன அளவை வைத்து உரம் போட வேண்டாம்.

இலையைப் பார்ப்பது

செடிக்குள் சில சத்துகள் இடம் மாறும், சில மாறாது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் நான்கும் நகரக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி பழைய இலையில் இருப்பதை உருவி நுனிக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலை வாடும், நுனி கொஞ்ச நாள் நன்றாகவே இருக்கும். இரும்பு, கால்சியம், போரான், மாங்கனீஸ் எல்லாம் ஓர் இலையில் போய் உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். இவற்றில் ஒன்று குறைந்தால் பழைய இலை பச்சையாக இருக்க, புது இலைதான் வெளுத்தோ சுருங்கியோ வரும்.

அடி இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளாகி, மெலிந்து, உதிர்ந்தால் நைட்ரஜன். அடி இலையில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை, அதைச் சுற்றி மஞ்சளோ பழுப்போ வளையம் என்றால் பொட்டாசியம். ஹைக்ரோஃபிலாவிலும் ஜாவா ஃபெர்னிலும் இது சட்டென்று தெரியும். நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் வெளுத்திருக்கிறதா? அது அடி இலையில் என்றால் மெக்னீசியம், நுனி இலையில் என்றால் இரும்பு. அறிகுறி ஒன்று, இடம்தான் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் இரும்பாக ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். புது இலை சிறுத்து, முறுக்கிக்கொண்டு வந்தால் கால்சியத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் கார்பன் டை ஆக்சைடு ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்கினாலும் நுனி அப்படித்தான் முறுக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்பரஸ் குறைந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். இலை மஞ்சளாகாது, கரும்பச்சையாகி வளர்ச்சி நின்றுவிடும். அதற்குள் அனுபியாஸ் இலையிலும் முன்பக்கக் கண்ணாடியிலும் கெட்டியான பச்சைப் புள்ளிகள் விழத் தொடங்கியிருக்கும்.

சத்துக் குறைவே இல்லாமல் பயமுறுத்துகிறவையும் உண்டு. பண்ணைகளில் பெரும்பாலான நீர்ச்செடிகளைத் தண்ணீருக்கு மேலே, ஈரக் காற்றில்தான் வளர்க்கிறார்கள். அந்த இலை தண்ணீருக்குள் வேலை செய்யாது. வாங்கி நட்டதும் பழைய இலை கரைவதும், சில வாரத்தில் வேறு வடிவத்தில் புது இலை வருவதும் இயல்பு. கிரிப்டோகோரைன் இன்னும் ஒரு படி மேலே போய் ஒட்டுமொத்தமாகக் கரைந்து கூழாகிவிடும். கிழங்கைப் பிடுங்கிப் போட்டுவிடாமல் விட்டால் திரும்பத் தளிர்க்கும். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது நோய் அல்ல, அந்தச் செடி பெருகுவதற்கான ஸ்போர். தண்டுச் செடிகளை நெருக்கி நட்டால் மேல் இலை நிழலில் கீழ் இலை உதிரும், அதற்கு மருந்து கத்தரிக்கோல்தான். பெரிய பெரிய ஓட்டையாக, ஓரம் சுத்தமாக வெட்டியது போல் இருந்தால் மீனையோ நத்தையையோ கவனியுங்கள்.

19ஆம் நூற்றாண்டில் யூஸ்டஸ் வான் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பரப்பிய விதி ஒன்று உண்டு: எந்தச் சத்து தேவைக்கு மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் வளர்ச்சியின் அளவைத் தீர்மானிக்கும். பொட்டாசியம் போதாத தொட்டியில் இரும்பை இரட்டிப்பாக்கினால் செடிக்கு ஒன்றும் ஆகாது, பாசிக்கு வேண்டுமானால் கொண்டாட்டம். எனவே ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டு வாரம் பொறுங்கள். பொறுத்துப் பார்க்கும்போது பழைய இலையைப் பார்க்காதீர்கள். ஓட்டை விழுந்த இலை ஓட்டையோடுதான் இருக்கும், அது ஆறாது. மாற்றிய பிறகு விரிந்த இலை எப்படி இருக்கிறது, அதுதான் பதில். நான் வாரம் ஒரு முறை அதே கோணத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, என்ன மாற்றினேன் என்று கீழே எழுதி வைப்பேன். மருந்தகப் பழக்கம். ஒரே நாளில் மூன்று மருந்தை மாற்றிவிட்டு எது கேட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

குழாயில் என்ன வருகிறது

பினாங்கு மாநிலத்துக் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி சுங்கை மூடாவிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது. ஆற்று நீர், மழை நீர். அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் "கால்சியம், மெக்னீசியம் குழாய்த் தண்ணீரிலேயே இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று படித்திருப்பீர்கள். அது அவர்கள் ஊர்க் கடின நீருக்குச் சரி. என் வீட்டுக் குழாயில் ஜிஎச், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கடினத்தன்மை, 2 டிகிரியைத் தாண்டுவது அரிது. சொட்டு சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் ஜிஎச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி உங்கள் குழாயையே சோதித்துவிடுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி. 4 முதல் 6 வரை இருந்தால் செடிக்கும் செர்ரி இறாலுக்கும் போதும்.

குறைவாக இருந்தால் கடையில் விற்கும் விலை உயர்ந்த தாதுப் பொடி தேவையில்லை. எங்கள் மருந்தகத்திலேயே கிடைக்கும் பேதி உப்பு, அதாவது எப்சம் உப்பு, மெக்னீசியம் சல்பேட்தான். வாசனை சேர்த்த குளியல் உப்பாக இல்லாமல் பார்த்து வாங்குங்கள். கால்சியத்துக்கு ஜிப்சம். டோஃபு, தவ்ஃபூஃபா செய்வதற்கு வைத்திருக்கும் உணவுத் தரக் கால்சியம் சல்பேட் பேக்கிங் பொருள் கடைகளில் கிடைக்கும். தவ்ஃபூஃபா உறைய வைக்க வேறொரு பொடியும் விற்கிறார்கள், பொட்டலத்தில் கால்சியம் சல்பேட் என்று இருக்கிறதா பாருங்கள். 50 லிட்டருக்கு 3 கிராம் ஜிப்சமும் 2 கிராம் பேதி உப்பும் சேர்த்தால் ஜிஎச் ஏறக்குறைய 3 டிகிரி ஏறும். பாதித் தண்ணீர் மாற்றும் நாளில் புதுத் தண்ணீருக்கு மட்டும் அதில் பாதி. ஜிப்சம் மெதுவாகக் கரையும், சில மணி நேரம் தண்ணீர் கலங்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

ஈப்போப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை அலங்காரத்துக்குப் போட்டிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்தக் கல் மெல்லக் கரைந்து ஜிஎச், கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை), பிஎச் (அமில, காரத் தன்மை) மூன்றையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். சோதித்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

குளோரினுக்கு ஆன்டி குளோரின் சொட்டு போதும். ராத்திரி முழுக்க வாளியில் பிடித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் மூடி வையுங்கள். பால்கனியில் வைத்த வாளியை ஒரு வாரம் மறந்துவிட்டால் ஏடிஸ் கொசு அங்கே குடும்பம் நடத்தும், சோதனைக்கு வருகிறவர்கள் அபராதச் சீட்டு எழுதிவிடுவார்கள்.

விளக்கு, சூடு

விளக்கு பசியைக் கிளப்புகிறது. உரமும் கார்பன் டை ஆக்சைடும் சோறு. பசியை மட்டும் கிளப்பிவிட்டுச் சோறு போடாத தொட்டியில்தான் சத்துக் குறைவு அறிகுறியும் பாசியும் சேர்ந்து வரும். அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும் நான் முதலில் குறைப்பது விளக்கு நேரம். புதுத் தொட்டி என்றால் ஆறு மணி நேரம், டைமர் போட்டு. செடி வேரூன்றி வளரத் தொடங்கிய பிறகு ஏழு, எட்டு. கார்பன் டை ஆக்சைடு இல்லாத தொட்டியில் பிரகாசமான விளக்கு வாங்கிப் பிரயோஜனமில்லை. மாலை வெயில் நேராக விழும் ஜன்னல் பக்கம் தொட்டி இருந்தால் டைமர் ஒரு பக்கம் ஓட, சூரியன் தன் பங்குக்கு நான்கு மணி நேரம் சேர்த்துவிடும். திரைச்சீலை போடுங்கள்.

சூடு நம் ஊரின் தனிப் பிரச்சினை. ஏர்கான் இல்லாத வீட்டில் தொட்டித் தண்ணீர் 29, 30 டிகிரியில்தான் நிற்கும். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5தான். அதே நேரம் சூட்டில் மீனும் செடியும் மண்ணிலிருக்கும் பாக்டீரியாவும் கூடுதலாக மூச்சு விடும். உதிர்ந்த இலை இங்கே சீக்கிரம் அழுகுவதும் இதனால்தான். அதைக் கண்டவுடன் எடுத்துப் போடுவது பாதி உரத்துக்குச் சமம் என்பேன். தண்ணீர் மேல் சின்ன விசிறி வைத்தால் ஆவியாதலால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். அப்போது இன்னொன்று நடக்கும்: தண்ணீர் ஆவியாகும், தாது ஆவியாகாது. தினமும் குழாய்த் தண்ணீரை ஊற்றி மட்டத்தை மட்டும் சரிக்கட்டிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு.

செடியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிச் சிரமத்தைக் குறைக்கலாம். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஹைக்ரோஃபிலா, வாலிஸ்னேரியா, லிம்னோஃபிலா, கிரிப்டோகோரைன் எல்லாம் இந்தச் சூட்டைத் தாங்கும். கிரிப்டோகோரைன் அஃபினிஸ், கோர்டாட்டா போன்றவை நம் தீபகற்பத்து ஓடைகளிலேயே இயற்கையாக வளர்பவை. அதற்காகக் காட்டில் போய்ப் பிடுங்கி வராதீர்கள், கடையில் தொட்டிச் செடியாகவே கிடைக்கிறது.

இரண்டு புட்டி

மீன் நிறைய உள்ள தொட்டிக்கும் மீன் குறைந்த தொட்டிக்கும் ஒரே உரம் சரிப்படாது. மீன் தீனியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாக இருக்கும், பொட்டாசியம் குறைவு. முப்பது கப்பி மீன் துள்ளும் தொட்டிக்கு நைட்ரேட்டை மேலும் ஊற்றுவது வீண். பொட்டாசியம் சல்பேட் மட்டும் 10 கிராம் எடுத்து 500 மில்லி நீரில் கரைத்து, ஒரு தடவைக்கு 10 மில்லி போட்டால் 50 லிட்டரில் 1.8 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) பொட்டாசியம் ஏறும். வாரம் மூன்று தடவை. அதோடு கீழே சொல்லும் நுண்சத்துப் புட்டி, இரும்பு போலக் கொஞ்சமே தேவைப்படும் சத்துகளுக்கு. அவ்வளவுதான்.

செடி அதிகம், மீன் கொஞ்சம் என்றால் பேருட்டப் புட்டி, அதாவது செடிக்கு நிறையத் தேவைப்படும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் உள்ள புட்டி, இப்படி: 500 மில்லி வடிகட்டிய நீரில் பொட்டாசியம் நைட்ரேட் 10 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 1 கிராம், பொட்டாசியம் சல்பேட் 5 கிராம். ஹைட்ரோபோனிக்ஸ் பொருள் விற்கிறவர்களிடம் மூன்றும் கிடைக்கும், ஒரு முறை வாங்கினால் சின்னத் தொட்டிக்கு நெடுநாள் வரும். இதில் 10 மில்லி போட்டால் 50 லிட்டரில் நைட்ரேட் சுமார் 2.5, பாஸ்பேட் 0.28, பொட்டாசியம் 2.5 பிபிஎம் ஏறும். திங்கள், புதன், வெள்ளி போடுகிறேன் என்று வையுங்கள். வாரத்துக்கு நைட்ரேட் 7.5 பிபிஎம். ஞாயிற்றுக்கிழமை பாதித் தண்ணீரை மாற்றுகிறேன். செடி ஒரு துளியும் உறிஞ்சவில்லை என்றாலும் தொட்டியில் நைட்ரேட் எவ்வளவு ஏறும்? 15-ஐத் தாண்டாது. வாரம் பாதித் தண்ணீர் மாற்றினால், நீங்கள் போடுகிற உரத்தால் வரும் உச்ச அளவு எப்போதும் வாராந்திர அளவின் இரு மடங்குதான், எத்தனை மாதம் போட்டாலும் சரி. டாம் பார் என்பவர் பிரபலமாக்கிய எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ் முறையின் அடிப்படைக் கணக்கு இதுதான். அவர் சொல்லும் அளவு பிரகாசமான விளக்கும் கார்பன் டை ஆக்சைடும் உள்ள தொட்டிக்கானது, நைட்ரேட் 20, 30 பிபிஎம் வரை போகும். நான் சொல்வது அதில் பாதி. நம் வீட்டு விளக்குக்கு இது போதும்.

எடை போடுவதில் அவசரம் வேண்டாம். சமையலறைத் தராசு ஒரு கிராமைச் சரியாகக் காட்டாது, ஒரு கிராம் பாஸ்பேட் இரண்டு கிராமாகப் போனால் அளவு இரட்டிப்பாகிவிடும். நகை நிறுக்கிற மாதிரி 0.01 கிராம் காட்டும் குட்டித் தராசு இணையத்தில் மலிவு. ஊற்றுவதற்கு மருந்தகத்தில் விற்கும் 10 மில்லி ஊசியில்லாத சிரிஞ்சு. புட்டியின் மேல் பெயர், அளவு, கலந்த தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். குளிர்பானப் புட்டியிலோ மினரல் வாட்டர் புட்டியிலோ மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது விபத்தை அழைத்து வைப்பது.

நுண்சத்து தனிப் புட்டியில். இரும்பும் பாஸ்பேட்டும் அடர்த்தியாக ஒரே புட்டியில் சேர்ந்தால் வினைபுரிந்து அடியில் வண்டலாகப் படியும், செடிக்கு இரண்டும் கிடைக்காது. 6, 7 சதவீதம் இரும்பு உள்ள நுண்சத்துக் கலவை என்றால் 500 மில்லிக்கு 4 கிராம். 10 மில்லி போட்டால் 50 லிட்டரில் இரும்பு 0.1 பிபிஎம். இதைச் செவ்வாய், வியாழன், சனி போடுங்கள், பேருட்டம் போடும் நாளில் வேண்டாம். வெளிச்சத்தில் இரும்பு கெட்டுப்போகும், நம் சூட்டில் பூஞ்சையும் பிடிக்கும். பழுப்பு நிறப் புட்டியில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் பின்மூலையில் வையுங்கள், வீட்டில் சண்டை வராத அளவுக்குப் பெரிய எழுத்தில் பெயர் எழுதி. பொடி வாங்கும்போது இரும்பைப் படியாமல் பிடித்து வைத்திருக்கும் பொருள் (கீலேட்) எது என்று பாருங்கள். ஈ.டி.டி.ஏ பிஎச் 6.5 வரை நன்றாகத் தாங்கும், அதற்கு மேல் தளர ஆரம்பிக்கும். பிஎச் 7-ஐத் தாண்டும் தொட்டிக்கு டி.டி.பி.ஏ நல்லது.

நுண்சத்தில் செம்பு இருக்கிறதே, இறால் செத்துப்போகாதா என்று கேட்பார்கள். இந்த அளவில் இருக்கும் செம்பு ஒன்றும் செய்யாது. மீனின் வெள்ளைப் புள்ளி நோய்க்கு ஊற்றும் சில மருந்துகளில்தான் இறாலைக் கொல்லும் அளவுக்குச் செம்பு இருக்கும், அந்தச் சீட்டைப் படியுங்கள்.

நைட்ரேட்டைச் சோதிக்கும் திரவப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு புட்டி உள்ள பெட்டியில் இரண்டாவது புட்டியின் அடியில் தூள் படிந்துவிடும். விதிமுறைத் தாளில் சொல்லியிருக்கிற நேரம் முழுக்க, கை வலிக்கும்வரை குலுக்காவிட்டால் நைட்ரேட் பூஜ்யம் என்று பொய் சொல்லும். அதை நம்பி ஊற்றித் தள்ளிவிடாதீர்கள்.

வேருக்கு

கிரிப்டோகோரைன், எக்கினோடோரஸ் போன்றவை வேர் வழியாக நிறைய எடுத்துக்கொள்ளும். சத்து மண் போட்ட தொட்டியில் ஆரம்பத்தில் எதுவும் வேண்டாம். சில புது மண் முதல் வாரங்களில் அம்மோனியாவையே கக்கும், தண்ணீரை அடிக்கடி மாற்றுவதுதான் அப்போது வேலை. வெறும் மணல் அல்லது சரளை என்றால் வேர் மாத்திரையைச் செடிக்கு அருகே நன்றாக ஆழமாகப் புதையுங்கள்.

காலி மருந்துக் கூட்டில் (கேப்சூல்) ஆஸ்மோகோட் என்ற மெதுவாகக் கரையும் உர மணிகளை அடைத்துப் புதைப்பது இங்கே பலர் செய்வது, மலிவு என்பதால். செய்யலாம், இரண்டு விஷயத்தைக் கவனித்து. அதன் பொட்டலத்தில் போட்டிருக்கும் மாதக் கணக்கு 21 டிகிரி மண்ணுக்கானது. நம் தொட்டிச் சூட்டில் அது கணிசமாக முன்பே கொட்டிவிடும். அதில் அம்மோனியம் உண்டு. மணி மேலே வந்து கிடந்தால் இறாலுக்கு ஆபத்து, பச்சைத் தண்ணீரும் வரலாம். ஒரு கூட்டுக்கு நான்கைந்து மணி போதும், செடியைப் பிடுங்கி இடம் மாற்றும்போது கவனம். பூச்செடிக்குப் போடும் சாதாரண பாஜா (உர) உருண்டையை மட்டும் புதைக்கவே புதைக்காதீர்கள். யூரியாவும் அம்மோனியமும் மொத்தமாகக் கரைந்து ஒரே ராத்திரியில் மீன் எல்லாம் மிதக்கும்.

கார்பன்

செடியின் உலர் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கார்பன்தான். கார்பன் டை ஆக்சைடு வாயு உருளை வைத்திருப்பவர்கள், 4 டிகிரி கேஎச் கரைசல் ஊற்றிய டிராப் செக்கர் (தொட்டிக்குள் மாட்டும், நிறம் மாறிக் காட்டும் சின்னக் குப்பி) பச்சை நிறத்தில் நிற்கும்படி வைத்துக்கொண்டால் வாயு 30 பிபிஎம் பக்கம் இருக்கும். நீலம் குறைவு, மஞ்சள் அதிகம். அது நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும், ஆகவே அதைவிட மீனைப் பாருங்கள். சூட்டுத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் உடனே வாயுவை நிறுத்திவிட்டு மேல்மட்டத்தைக் கலக்குங்கள். விளக்கு எரிவதற்கு ஒரு மணி முன்னால் திறந்து, அணைவதற்கு முன்னால் மூடுவது நல்லது.

உருளை இல்லையா? விளக்கைக் குறைத்து, மெதுவாக வளரும் செடிகளை வைத்து, உரத்தையும் மேலே சொன்னதில் மூன்றில் ஒரு பங்காக்குங்கள். திரவக் கார்பன் என்று விற்கும் பல புட்டிகளில் இருப்பது குளுட்டரால்டிஹைடு அல்லது அதன் உறவு. மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமி நீக்க வைத்திருக்கும் சரக்கு அது. பாசியைக் கொல்லும், உண்மைதான். வாலிஸ்னேரியாவையும் கரைத்துவிடும். கையுறை போட்டுத் தொடுங்கள், கண்ணில் படக்கூடாது.

பாசி சொல்வது

புதுத் தொட்டியில் பழுப்புத் தூசிப் பாசி வந்தால் விட்டுவிடுங்கள், தானாகப் போகும். முன்கண்ணாடியில் கெட்டியான பச்சைப் புள்ளி என்றால் பாஸ்பேட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், விளக்கைக் குறையுங்கள். நீலப்பச்சை நிறத்தில் தோல் போல மண்ணைப் போர்த்தி, தூக்கினால் நாறுகிறது என்றால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. பெரும்பாலும் தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையில், நைட்ரேட் பூஜ்யத்தைத் தொட்ட தொட்டியில் வரும். உறிஞ்சி எடுத்து, ஓட்டத்தைச் சரிசெய்து, நைட்ரேட்டை ஏற்ற வேண்டும். "பாசி வந்தால் உரத்தை நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இந்த ஒன்றுக்கு அந்த அறிவுரை எதிராகவே வேலை செய்யும்.

கறுப்புத் தாடிப் பாசிதான் மனதை நோகடிப்பது. ஃபில்டர் வாயிலும் அனுபியாஸ் ஓரத்திலும் குஞ்சம் குஞ்சமாக ஒட்டும். கார்பன் டை ஆக்சைடு ஏறி இறங்குவது, ஃபில்டர் அழுக்கு, அழுகும் இலை, இவைதான் வழக்கமான காரணம். முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில். பிறகு ஃபில்டரை நிறுத்தி, மருந்தகத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிரிஞ்சில் எடுத்து, பாசியின் மேல் மெதுவாக விட்டு, பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள். 50 லிட்டருக்கு ஒரு நாளில் 10 மில்லிக்கு மேல் வேண்டாம், இறால் இருந்தால் அதிலும் பாதி. சில நாளில் பாசி சிவந்து சாகும், செத்ததை இறால் தின்னும். சயாமிஸ் ஆல்கே ஈட்டர் மீனும் தின்னும். கடையில் அந்தப் பெயரில் வேறு மீனையும் விற்பார்கள். அசலுக்கு உடம்பின் கறுப்புக் கோடு வால் நுனி வரை போகும்.

வெட்டிய தண்டுகளை வாய்க்காலிலோ ஏரியிலோ போடாதீர்கள். பகாங்கில் தாசிக் சினி ஏரியைக் கபோம்பா என்ற வெளிநாட்டு நீர்ச்செடி எப்படி அடைத்துக்கொண்டது என்பது தெரிந்த கதை. வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள், அல்லது பூந்தொட்டிக்கு.

தண்ணீர் நிற்கும் நாளும் ஊருக்குப் போகும் நாளும்

2024 ஜனவரியில் பினாங்கில் பெரிய வால்வு மாற்றும் வேலைக்காகப் பல நாள் தண்ணீர் தடை வந்தது நினைவிருக்கும். அப்படி அறிவிப்பு வந்தால் அந்த வாரம் தண்ணீர் மாற்ற முடியாது, எனவே உரமும் வேண்டாம். நான் சொன்ன இரு மடங்குக் கணக்கே தண்ணீர் மாற்றுவதை நம்பித்தான் நிற்கிறது. விளக்கை ஐந்து மணி நேரமாக்குங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். தண்ணீர் திரும்ப வந்ததும் முதலில் வருவது கலங்கலாக இருக்கும். அதை வீடு கழுவ வைத்துக்கொண்டு, தெளிந்த பிறகு, ஆன்டி குளோரின் போட்டு, கால்வாசி மட்டும் மாற்றுங்கள். மின்சாரமும் சேர்ந்து போனால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கையிருப்பில் இருக்கட்டும், மீன் பிடிக்கப் போகிறவர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும்.

தைப்பூசத்துக்கு எங்கள் வீட்டில் கூட்டம் நிறையும். தண்ணீர்மலைக்குப் போய் வந்த பிள்ளைகள் தொட்டி முன்னால் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரெல்லாம் மீனுக்கு ஒரு பிடி போடுவார்கள். அந்த வாரம் பேருட்டப் புட்டியைத் தொடவே மாட்டேன், நைட்ரஜனும் பாஸ்பரஸும் தீனியாகவே இறங்கிவிட்டது. நுண்சத்து மட்டும் போடுவேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் வெளியூர் போகிறீர்கள் என்றால் உரம் இல்லாமல் தொட்டி தாராளமாகத் தாங்கும். கிளம்புவதற்கு முதல் நாள் தண்ணீர் மாற்றி, அழுகிய இலை எடுத்து, டைமரை ஐந்து மணி நேரத்துக்குக் குறைத்து, விசிறியால் மட்டம் இறங்கும் அளவைக் கணக்கிட்டுக் கொஞ்சம் மேலாகவே நிரப்பி வையுங்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துப் போவதானால், தீனியை நாள்வாரியாக மாத்திரை டப்பாவில் பிரித்து வைத்து அதை மட்டும் காட்டுங்கள். உரப் புட்டிகளையும் மீதித் தீனியையும் அலமாரியில் பூட்டிவிடுங்கள்.